ராமேஸ்வரம் தீவில் கோயில் தவிர்த்து: பூநாரை, ஆமை, பவளப்பாறை, கடல்பசு - எது நிஜமாகவே பார்க்கக் கிடைக்கும்?

குனியமுத்தூரான்
வணக்கங்க. ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். அம்மாவுக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் சாமி தரிசனமும் போதும், அது ஒரு காலையோடு முடிந்துவிடும். மிச்ச நேரம் எனக்கும் பையனுக்கும். ஏழாவது படிக்கிறான், பறவைப் பைத்தியம். யூடியூபில் தேடினால் எல்லோரும் அரிச்சல்முனை ரவுண்டானாவில் நின்றுகொண்டு "இந்தியாவின் கடைசி ரோடு மக்களே" என்று கத்துகிறார்களே தவிர ஒரு பறவையைக்கூட யாரும் காட்டவில்லை. பூநாரை எங்கே நிற்கும்? குருசடைத் தீவுக்குப் படகு உண்டா? கடல்பசுவைப் பார்க்க முடியுமா? ஆமை முட்டை போடுவதைப் பார்க்க விடுவார்களா? டிராவல்ஸ்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறேன் என்கிறார், அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

பாம்பன்காத்து
ஒரே நாளில் எல்லாம் காட்டுகிறேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் அண்ணே. நான் பாம்பன்காரன், மூன்று தலைமுறையாக கடல்தான் சோறு போடுகிறது, அதனால் சொல்கிறேன்.

இந்தத் தீவுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு கடல். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண்கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். பெயரைப் பார்த்து ஒன்று எப்போதும் சாது, இன்னொன்று எப்போதும் முரடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் கணக்கு. வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். மே வாக்கில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டால் அப்படியே தலைகீழ். ஜனவரி கடைசி என்றால் வாடை இன்னும் முழுதாக விட்டிருக்காது, ஆகவே தெற்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குருசடைத் தீவு தெற்கேதான் இருக்கிறது, குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு. குந்துகால்தான் விவேகானந்தர் 1897-ல் சிகாகோவெல்லாம் முடித்துத் திரும்பும்போது வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது, அம்மாவுக்கும் பிடிக்கும். காற்று கூடினால் படகு எடுக்கமாட்டார்கள், அப்போது போய் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

கடல்பசுவை நாங்கள் ஆவுளியா என்போம். அதைப் பார்க்கலாம் என்று எவன் சொன்னாலும் பொய். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற எங்கள் ஆட்களிலேயே பலர் உயிரோடு பார்த்ததில்லை. மூச்சு வாங்க மூக்கை மட்டும் ஒரு நொடி வெளியே நீட்டிவிட்டு உள்ளே போய்விடும்.

நண்டுதின்னி
பூநாரைக்கு நான் பதில் சொல்கிறேன். தனுஷ்கோடி ரோட்டில் போகும்போது கோதண்டராமர் கோயிலுக்கு ஒரு கிளைச் சாலை பிரியும். அந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் கிடக்கிற ஆழமில்லாத நீர்ப்பரப்புதான் முதல் இடம். அங்கே இல்லையென்றால் மெயின் ரோட்டிலேயே முகுந்தராயர் சத்திரம் தாண்டிப் போய், இடது பக்கம் சேற்றுத்திட்டு தெரிகிற இடங்களில் வண்டியை ஓரம்கட்டிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல் வெயிலில் கானல் எழும்ப ஆரம்பித்தால் பைனாகுலரில் எல்லாம் நெளியும்.

கூட்டம் ஒரே இடத்தில் நிற்காது. இங்கே ஏற்றவற்றம் பெரிதில்லை, காற்றுதான் தண்ணீரை ஒரு மூலைக்குத் தள்ளும், முழங்கால் ஆழம் எங்கே இருக்கிறதோ அங்கே பூநாரை போய்விடும். நேற்று ஆயிரம் நின்ற இடத்தில் இன்று ஒரு கொக்குகூட இருக்காது. அதற்காக ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். கூட்டமாக இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகராமல், ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து பத்து நிமிடம் விடாமல் பார்க்கட்டும். தலையைக் கவிழ்த்து அலகின் மேல்பக்கம் தரையைப் பார்க்கிற மாதிரி தண்ணீருக்குள் விட்டிருக்கும். இரண்டு காலாலும் நின்ற இடத்திலேயே சேற்றை மிதித்து மிதித்து மெதுவாக ஒரு வட்டம் சுற்றும். மிதியில் கிளம்புகிற சின்னச் சின்ன இறால், பூச்சி, பாசி எல்லாவற்றையும் தண்ணீரோடு உறிஞ்சி, நாக்கால் பம்பு அடித்து, தண்ணீரை மட்டும் வெளியே தள்ளிவிடும். தண்ணீர் வற்றின பிறகு போனால் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும், அது இவற்றின் வேலைதான். அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நிற்கும், அவை வேறு இனமில்லை, இளசுகள். ரோஸ் நிறம் சாப்பாட்டிலிருந்து வருவது, ஏற சில வருடம் ஆகும்.

லென்ஸ்மாமா
நண்டுதின்னி சொல்வதெல்லாம் சரி, ஆனால் ரோட்டிலிருந்து எடுத்தால் படத்தில் பூநாரை அரிசி சைஸில்தான் வரும். 600 எம்எம் லென்ஸ் வைத்திருக்கிறேன், அதுவே பத்தாது. சேற்றில் இறங்கி மெதுவாக நடந்தால் கொஞ்சம் கிட்டே போகலாம். எப்படியும் ஒரு கட்டத்தில் எழும்பும், அப்போதுதான் இறக்கையின் சிவப்பும் கறுப்பும் தெரியும், அந்த ஷாட்டுக்காகத்தான் எல்லோருமே வருகிறார்கள். எழும்பினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அங்கேயேதான் இறங்கப் போகிறது, இதில் என்ன நஷ்டம்?

நண்டுதின்னி
நஷ்டம் என்ன என்றா கேட்கிறீர்கள் மாமா. பூநாரையை விடுங்கள், அது பெரிய பறவை, தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அதே சேற்றில் அதன் காலடியில் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் மேய்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பு. சைபீரியப் பக்கமிருந்து வந்தது, மார்ச் ஏப்ரலில் திரும்ப அவ்வளவு தூரம் பறக்க வேண்டும். அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் ஏற்றிக்கொள்கிறது. நீங்கள் காலையில் ஒரு தடவை எழுப்புகிறீர்கள், பின்னாலேயே இன்னொரு கேமராக்காரர், அப்புறம் ரீல்ஸ் எடுக்கிற கும்பல், அப்புறம் நாய். ஒவ்வொரு தடவையும் தீனி நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் போகிறது.

அதோடு இது இப்போது வெறும் புறம்போக்கு இல்லை. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்துவிட்டது. சரணாலயத்துக்குள் பறவையை விரட்டுவது வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். ட்ரோன் பற்றி யாரும் கேட்கவே வேண்டாம், அந்தக் கரை முழுக்கக் கடற்படைக் கண்காணிப்பு, பறக்கவிட்டால் பறவைக்கு முன்னால் போலீஸ் வரும்.

லென்ஸ்மாமா
சட்டம் தெரியும் சார். நான் கேட்பது வேறு. அந்த ரோட்டில் சனி ஞாயிறு எத்தனை வண்டி போகிறது? டூரிஸ்ட் வேனில் சவுண்ட் பாக்ஸ் அலறுகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு முக்காலி தூக்கிக்கொண்டு தனியாக நடக்கிறவனைப் பிடிப்பது சுலபம் என்று பிடிக்கிறீர்கள்.

நண்டுதின்னி
வண்டிச் சத்தம் அவற்றுக்குப் பழகிவிடுகிறது, ரோட்டை விட்டு வராது என்று தெரியும். மனிதன் நடந்து தன்னை நோக்கி வருவதுதான் பழகாது. வேனிலிருந்து இறங்காமல் கண்ணாடியைப் பாதி இறக்கி, கதவில் ஒரு மணல் மூட்டை வைத்து எடுத்துப் பாருங்கள். நீங்கள் நடந்து நெருங்குகிற தூரத்தைவிடக் கிட்டே அதுவாக மேய்ந்துகொண்டு வரும். வேனில் சவுண்ட் பாக்ஸ் விஷயத்தில் உங்கள் கட்சிதான், அதில் மாற்றமில்லை.

பேசாலையான்
வணக்கம். நான் அக்கரைப் பக்கம், மன்னார்த் தீவு. நீங்கள் சண்டை பிடிக்கிற அதே பறவைகளுக்காக நாங்கள் இங்கே இருந்து சண்டை பிடிக்கிறோம். உங்களுக்கு கோதண்டராமர் கோயில், எங்களுக்கு மன்னார்ப் பாலம். தீவுக்குள் வர முன்னமே பாலத்தின் இரண்டு பக்கமும் பூநாரை நிற்கும், வங்காலைப் பக்கம் இன்னும் கனக்க. வங்காலை 2008-ல் சரணாலயம், 2010-ல் ராம்சார் இடம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். மார்கழி தை மாதங்களில் வந்தால் ஊசிவால் வாத்துக் கூட்டம் தண்ணீரே தெரியாத மாதிரிக் கிடக்கும்.

இங்கே பிரச்சினை கமரா இல்லை, மின்சாரம். தீவின் தெற்குக் கரையில் முதலில் 30 காற்றாலை வந்தது. பிறகு இன்னும் பெரிய திட்டம் ஒன்று, அதானி கொம்பனி செய்ய இருந்தது, ஊர்ச் சனமும் மீனவரும் பறவை ஆட்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கொம்பனி கடைசியில் 2025 பெப்ரவரியில் விலகிவிட்டது. வடக்கேயிருந்து வருகிற பறவை இலங்கைக்குள் நுழைகிற வாசலே மன்னார்தான், அதிலே கொண்டுபோய் சுழலியை நட்டால் என்ன நடக்கும் என்று விளங்கப்படுத்தப் பெரிய படிப்பு வேண்டாம். காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இடம் பார்த்து வையுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இங்கே ஜிபிஎஸ் கட்டி விட்ட கடற்காகம் ஒன்று இந்தியாவைத் தாண்டி ஆர்க்டிக் கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்ப மன்னாருக்கே வந்தது. கேட்டபோது எனக்கே நம்ப ஏலாமல் இருந்தது. மீன்வாடியில் மீன்தலையைப் பொறுக்கித் தின்கிற பறவைதானே என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெற்குவாசல்
எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள், நான் போன கதையையும் கேளுங்கள். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு என்று போனோம். பூநாரையும் இல்லை ஒரு நாரையும் இல்லை. கண்ணாடிப் படகு என்று ஒன்றில் ஏற்றினார்கள், அடியில் பார்த்தால் டீத்தண்ணி மாதிரிக் கலங்கல். அரிச்சல்முனையில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அன்னாசிப்பழம் விலை கேட்டால் மயக்கம் வருகிறது. வெறும் பில்டப்.

பாம்பன்காத்து
அண்ணே, மே மாதம் பூநாரை இங்கே ஏன் நிற்கப் போகிறது. டிசம்பர் வாக்கில் வந்து மார்ச் வரைக்கும்தான் நல்ல கூட்டம், வெயில் ஏறித் தண்ணீர் வற்ற ஆரம்பித்தால் கிளம்பிவிடும். குஞ்சு பொரிக்க குஜராத்தில் கட்ச் உப்புவெளி வரைக்கும் போகிற பறவை அது. மே மாதம் கச்சான் தொடங்குகிற காலம், தெற்குக் கடல் கலங்காமல் என்ன செய்யும். பவளப்பாறை பார்க்க பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நல்ல தெளிவு கிடைக்கும், அதுவும் இரண்டு மூன்று நாள் காற்று இல்லாமல் இருந்தால். படகுக்காரர் மேல் தப்பில்லை, லீவு மேல்தான் தப்பு. அன்னாசிப்பழ விஷயத்தில் நான் எதுவும் சொல்வதற்கில்லை, நாங்களே அங்கே வாங்குவதில்லை.

குனியமுத்தூரான்
அருமைங்க, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. குருசடையில் இறங்கி நடக்க விடுவார்களா? பவளம் உயிரோடு இருக்கிறதா, இல்லை எல்லாம் செத்துப்போயிற்றா? ஒரு கட்டுரையில் தீவுகளே முழுகிவிட்டதாகப் படித்தேன்.

நண்டுதின்னி
முழுகியது நிஜம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருந்த 21 தீவுகளைச் சேர்த்துத்தான் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது கடல்மட்டத்துக்குக் கீழே. காரணம் பாதிக்கு மேல் நாம்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருடமாகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி ஏற்றினார்கள், பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை, மணல் கரைந்தது. 2001-ல் பவளங்களை வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்ட பிறகு வெட்டுவது மெல்ல நின்றது. ஆனால் 2010, 2016 என்று கடல் சூடான வருடங்களில் வெளிறிச் செத்தது நிறைய.

இன்னும் உயிரோடு இருக்கிறது, கவலைப்படாதீர்கள். நேஷனல் ஜியாகிரபிக் வண்ணங்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இங்குள்ள பவளம் பெரும்பாலும் பழுப்பு, மங்கல் பச்சை, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்ன மீன் எட்டிப் பார்ப்பதைப் பையன் பிடித்துவிட்டால் போதும். இன்னொன்று, கோயில் பக்கத்துக் கடைகளில் வெள்ளைப் பவளத் துண்டு ஷோகேஸுக்கு என்று விற்பார்கள். வாங்கவே கூடாது, வாங்குவதும் குற்றம்.

சின்னப்பாலத்துப் பொண்ணு
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தீவு தீவு என்று பேசுகிறவர்கள் ஒரு வார்த்தை எங்களைப் பற்றியும் பேசியிருக்கலாம்.

என் அம்மா, பெரியம்மா, அத்தை எல்லோரும் அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்து எங்களை வளர்த்தவர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று கையால் கிள்ளிக் கிள்ளி இடுப்புப் பையில் போடுவார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு நாங்கள் அத்துமீறி நுழைபவர்கள். படகைப் பிடிப்பார்கள், பாசியைக் கொட்டச் சொல்வார்கள், அபராதம் போடுவார்கள். இப்போது அதே குருசடைக்கு டிக்கெட் போட்டு வெளியூர் ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். டிக்கெட் வாங்கினவர் விருந்தாளி, முங்கிப் பிழைக்கிறவள் திருடி. இதை யாராவது எனக்குச் சரியென்று விளக்க முடியுமா?

எங்கள் பெண்களே உட்கார்ந்து பேசி மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, பாசி வளர்கிற கோடையில் 45 நாள் போகவே போவதில்லை என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். வனத்துறை சொல்லிச் செய்ததில்லை. இதற்காக எங்கள் ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015-ல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். குருசடைப் பவளத்தைப் போர்வை மாதிரி மூடிக் கொன்றது எங்கள் மரிக்கொழுந்து இல்லை, வளர்ப்புக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்த பெப்சி பாசி. அதைக் கொண்டுவந்தவர்களிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை.

லென்ஸ்மாமா
இது எனக்குத் தெரியாத விஷயம்மா. பெப்சி பாசி என்றால் அந்த கூல்டிரிங்ஸ் கம்பெனியா?

சின்னப்பாலத்துப் பொண்ணு
அதே கம்பெனிதான் மாமா, கப்பாஃபைகஸ் என்பது அதன் பெயர். மூங்கில் தெப்பம் கட்டி அதில் வளர்ப்பார்கள். எங்கள் ஊரிலும் நிறையப் பேர் வளர்த்துச் சம்பாதித்தார்கள், அதையும் மறைக்கவில்லை. வேகமாக வளரும், ஒடிந்த துண்டுகூடப் பிழைத்துக்கொள்ளும். அது போய்ப் பவளத்தில் ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தை மறைத்துவிட்டது. 2008 வாக்கில் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அப்புறம் கையால் பிய்த்துப் பிய்த்து எடுத்தார்கள்.

நண்டுதின்னி
தங்கச்சி சொல்வதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. பவளத்தின் மேல் கால் வைத்து நிற்பதும் கல்லைப் புரட்டுவதும் பாதிப்புதான், அதில் நான் மாறமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கைப் பாசிப் பெண்களிடம் மட்டும் பார்த்துவிட்டு, படகு நங்கூரத்திடமும் விசைப்படகு இழுத்துப்போகிற இழுவலையிடமும் பார்க்காமல் விடுவது அநியாயம். குனியமுத்தூரான், உங்களால் முடிந்தது, உள்ளூர் ஆட்கள் வேலை செய்கிற படகில் போங்கள். தொண்டி பக்கம் காரங்காடு, உச்சிப்புளி பக்கம் பிரப்பன்வலசை இரண்டிலும் வனத்துறையோடு ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும், பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு, கடல்புல் பார்க்கலாம். ஆவுளியா தின்கிற புல் அதுதான். ஆனால் பிரப்பன்வலசை வடக்குக் கடல், பாம்பன்காத்து சொன்ன வாடைக் கணக்கு அங்கே பொருந்தும், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆமைநடை
ஆமை கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை ஜனவரியில் ஏற ஆரம்பிக்கும், பிப்ரவரி மார்ச்சில்தான் மும்முரம். ஆமை ஏறுவது ராத்திரியில். மாலை ஐந்துக்கு மேல் தனுஷ்கோடி ரோட்டில் பொது ஆட்களை விடுவதில்லை, ஆகவே முட்டையிடுவதைப் பார்ப்பது நடக்காது. வனத்துறை ஆட்கள் விடிகாலையில் கரையோரம் நடந்து, ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பார்த்து, குச்சியால் மணலை மெதுவாகக் குத்திக்கொண்டே போவார்கள். குச்சி திடீரென்று லேசாக இறங்குகிற இடம்தான் குழி. நூற்றுச் சொச்சம் முட்டை இருக்கும், பிங்பாங் பந்து சைஸ், ஓடு கெட்டியாக இருக்காது, விரலால் அழுத்தினால் குழியும். அதை வலை அடித்த பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து அதே ஆழத்தில் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகை குத்திவைப்பார்கள்.

குஞ்சு வர 45 முதல் 55 நாள். கணக்குப் போட்டால் மார்ச் ஏப்ரலில்தான் கடலில் விடுவது நடக்கும். ஜனவரிக் கடைசியில் நீங்கள் பலகையை மட்டும்தான் பார்ப்பீர்கள். ஆனாலும் வேலியருகே நின்று கேட்டால் காவலர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சும் குறைந்தால் ஆணும் அதிகம் பொரிக்கும் என்பது பையனுக்கு வகுப்பில் சொல்ல நல்ல விஷயம்.

செத்த ஆமை ஒதுங்கிக் கிடப்பதையும் பார்க்க நேரலாம், பையனைத் தயார்படுத்தி வையுங்கள். இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாவதுதான் பெரும்பாலும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியது ஞாபகம் இருக்கும்.

பாம்பன்காத்து
இழுவலை என்றதும் எல்லா மீனவரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் ஆமைநடை. நாட்டுப்படகுக்காரன் வலையில் ஆமை விழுந்தால் அறுத்து விட்டுவிட்டு வலை நஷ்டத்தோடு வருகிறான். ஆவுளியா விழுந்தால்கூட இப்போது வலையை அறுத்து விடுகிறார்கள், வனத்துறை கூப்பிட்டுப் பணமும் பாராட்டும் கொடுக்கிறது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தபோது பயந்தோம், எங்களை விரட்டிவிடுவார்களோ என்று. சின்னப்பாலத்துத் தங்கச்சி சொன்ன பயம்தான். எங்களைச் சேர்த்துக்கொண்டால் மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு நடக்கும்.

குனியமுத்தூரான்
சரிங்க, திட்டத்தை மாற்றிவிட்டேன். டிராவல்ஸ்காரரை விட்டாச்சு. முதல் நாள் விடிகாலை கோதண்டராமர் கோயில் ரோடு, வண்டியை விட்டு இறங்காமல். அப்படியே அரிச்சல்முனை. அடுத்த நாள் அம்மாவின் தீர்த்தம், மதியத்துக்கு மேல் குந்துகால், காற்று விட்டால் குருசடை. வழியில் காரங்காடு முடிந்தால். இரண்டு சந்தேகம்: அரிச்சல்முனையில் கடலில் இறங்கலாமா? அம்மாவுக்குப் படகில் வாந்தி வருமா?

பாம்பன்காத்து
அரிச்சல்முனையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், அடியில் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தவனையும் கொண்டுபோகும். பையன் கையை விடாதீர்கள்.

குருசடை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், அம்மா தாங்குவார். ஆனால் மதியத்தை மாற்றுங்கள். காலையில் காற்று அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் கிளம்பும், வெளிச்சமும் சாய்ந்துவிடும், அடியில் ஒன்றும் தெரியாது. தீர்த்தத்தைப் பின்னால் தள்ள முடியாதென்றால் மூன்றாவது நாள் காலை வையுங்கள். அம்மாவை இரண்டு இட்லியோடு நிறுத்தச் சொல்லி, படகில் நடுவில் உட்காரவையுங்கள்.

லென்ஸ்மாமா
நானும் அந்த வாரம் அங்கேதான். கோதண்டராமர் ரோட்டில் வெள்ளை நிற வேன், கதவில் மணல் மூட்டையோடு நிற்கிறவன் நான்தான். நண்டுதின்னி வந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நண்டுதின்னி
வருகிறேன் மாமா. மணல் மூட்டைக்குப் பதில் பழைய பேன்ட்டின் காலை வெட்டி அரிசி போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள், லென்ஸில் மணல் போகாது.